நாற்பத்தியோரு பேரின் தழும்புகள்

வெயிலுமுத்து வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக் காட்டியபோது, பொற்கொடி அதைப் புதுக் காயம் என்றுதான் நினைத்தாள். இரண்டு அங்குல நீளம் இருக்கும். ஓரங்கள் சிவந்து, நடுவில் ஈரம் மினுங்கியது.

"எங்க விழுந்தீங்க அண்ணாச்சி?"

"வேப்பமரத்துல இருந்து."

"இந்த வயசுல மரத்துல என்ன வேலை?"

"இப்ப இல்லம்மா. ஆறாப்பு படிக்கையில." அவர் சிரித்தார். "கம்பவுண்டர் தையல் போட்டாரு. இந்தா பாரு, ஊசி குத்துன புள்ளிகூடத் தெரியுது."

பொற்கொடி குனிந்து பார்த்தாள். காயத்தின் இரண்டு பக்கமும் ஐந்தைந்து துளைகள், வரிசையாக. ஒவ்வொன்றின் வாயிலும் கடுகளவு ரத்தம். வெயிலுமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று வயது. நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஆறிப்போன காயம், ஆறாத காயமாக அவள் முன்னால் இருந்தது.

"வலிக்குதா?"

"அன்னைக்கு வலிச்ச மாதிரியேதான் வலிக்குது," என்றார் அவர். இந்த முறை சிரிக்கவில்லை.

பொற்கொடி அந்தத் தீக்காய மறுவாழ்வு மையத்தில் பன்னிரண்டு வருடங்களாகப் பிசியோதெரபிஸ்ட். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை சுற்றுவட்டாரத்தில் பட்டாசுத் தொழிற்கூடம் எது வெடித்தாலும், உயிர் பிழைத்தவர்கள் கடைசியில் அவள் கைக்குத்தான் வருவார்கள். தீப்பட்ட தோல் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது விரலோடு விரலை, தோளோடு கையை, நெஞ்சோடு தாடையை இழுத்து ஒட்டிவிடும். அந்த இறுக்கத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விடுவது அவள் வேலை. பெரிய ஆண்கள்கூட அழுவார்கள். அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. இன்று இழுத்து விட்டது நாளைக் காலையில் மறுபடி இறுகியிருக்கும்.

டாக்டர் அருமைராஜ் ஊசியோடு வந்தது சென்ற வருடம். சோதனைக்கு நாற்பத்தியோரு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி மாரிக்கனி. அப்போது அவளுக்கு முப்பத்தோரு வயது. ஆறு வருடங்களுக்கு முன் மருந்துக் கலவை அறையில் நடந்த விபத்தில் எரிந்தவள். தாடை நெஞ்சோடு ஒட்டி, கீழுதடு மடங்கி, எந்நேரமும் தரையைப் பார்த்தபடி இருப்பாள். ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டர் அவளுக்கு விளக்கியது பொற்கொடிக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"நம்ம தோலுக்குள்ள கயிறு கயிறா ஒரு பொருள் இருக்கும்மா. கொலாஜன். அந்தக் கயிறு ஒவ்வொண்ணையும் பிடிச்சுக்கிட்டு இன்னொரு சின்னப் பொருள் இருக்கு. டெகோரின்னு பேரு. கயிறு எவ்வளவு தடிமனா இருக்கணும், பக்கத்துக் கயிறுக்கும் அதுக்கும் எவ்வளவு இடைவெளி விடணும்னு பாத்துக்கறது அதுதான். காயம் பட்டா, 'தழும்பு போடு'ன்னு உடம்புக்குள்ள ஒரு சேதி ஓடும். அந்தச் சேதி எல்லை மீறாம பிடிச்சு வைக்கறதும் அதுதான். ஆழமா எரிஞ்ச இடத்துல டெகோரின் கொறஞ்சு போயிடுது. கேக்க ஆளில்லாம கயிறெல்லாம் இஷ்டத்துக்கு முறுக்கிக்கிடுது."

"போர்மேன் வராத அன்னைக்கு நடக்கற வேலை மாதிரி," என்றாள் மாரிக்கனி. கொஞ்சம் பொறுத்து, "எங்க யூனிட்லயும் அன்னைக்கு போர்மேன் வரல," என்றாள்.

டாக்டர் மருந்துக் குப்பியை எடுத்துக் காட்டினார். "இந்த ஊசி, உங்க உடம்பையே அந்தப் பொருளை நிறையச் செய்ய வைக்கும். ஒரு தடவை போட்டாப் போதும்."

போதும் என்றுதான் ஆயிற்று. நாலாவது மாதத்தில் பொற்கொடியின் விரல்களுக்கே வித்தியாசம் தெரிந்தது. பன்னிரண்டு வருடமாக மரக்கட்டையை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தவள் கைக்குக் கீழே தோல் இளகியது. ஏழாவது மாதத்தில் ஒரு நாள், சிகிச்சை முடிந்து கிளம்பும்போது மாரிக்கனி மேசையிலிருந்த செம்பை எடுத்து, வாயில் படாமல் அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். குடித்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்கே உறைத்தது. செம்பை இடுப்போடு அணைத்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டாசு வேன் ஓட்டி எரிந்த வெயிலுமுத்து, ஒட்டிப்போயிருந்த விரல்களைப் பிரித்துத் தன் சட்டைக்குத் தானே பொத்தான் போட்டுக்கொண்டு வந்தார்.

அதே வெயிலுமுத்துவின் முழங்காலைப் பற்றித்தான் இப்போது அவள் டாக்டரிடம் சொன்னாள்.

"எங்கேயாவது கீறியிருப்பாரு," என்றார் அருமைராஜ், கணினியிலிருந்து தலையை எடுக்காமல்.

"தையல் ஓட்டை எப்படி டாக்டர் கீறும்?"

அவர் தலையை நிமிர்த்தினார். ஐம்பதை நெருங்கும் மனிதர். கெட்டிக்காரர், நோயாளிகளின் பெயரை மறக்காதவர். அந்த முகத்தில் அப்போது ஏதோ தோன்றி மறைந்ததைப் பொற்கொடி பார்த்தாள். அவர் இதை எதிர்பார்த்திருந்தார் என்றில்லை. ஆனால் கேட்டவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்த வாரத்தில் இன்னும் இருவர் வந்தார்கள். ஒருவருக்குக் குடல்வால் அறுவை செய்த இடம் திறந்திருந்தது. இன்னொரு பெண்ணுக்கு இடது தோளில் குழந்தையாக இருக்கும்போது தடுப்பூசி போட்ட வட்டத் தழும்பு கரைந்து, அந்த இடத்தில் நீர் கசிந்தது. "அம்மை வடு புண்ணாயிருச்சு மேடம், சோப்பு ஒத்துக்கலையோ?" என்று கேட்டாள். பொற்கொடி மருந்து வைத்துக் கட்டி அனுப்பினாள். அந்தப் பெண் வெளியே போனதும், பொற்கொடி சட்டைக்கு மேலே தன் சொந்தத் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு யாரும் ஊசி போடவில்லை. இருந்தும் தொட்டுப் பார்த்தாள்.

முழங்காலைக் காட்டிப் போன பதினோராம் நாள் காலையில் வெயிலுமுத்துவின் மனைவி போன் செய்தார். பல் விளக்கிக்கொண்டிருந்தவர் இருமினாராம். இருமியதில் ரத்தம் வந்ததாம். ஆட்டோ வருவதற்குள் வாசல் முழுக்கச் சிவப்பாகிவிட்டதாம். அந்த அம்மாள் அழவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டு, "காலு காயத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமோம்மா?" என்று மட்டும் கேட்டார்.

இறந்தவரின் மார்பு ஸ்கேனை அருமைராஜ் சுவரிலிருந்த திரையில் போட்டார். இரண்டு படங்கள். ஊசி போடுவதற்கு முன் எடுத்ததில், வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு முடிச்சு. கடைசியாக எடுத்ததில் முடிச்சைக் காணோம். அந்த இடத்தில் ஓட்டை.

"அவருக்கு இருபத்திரண்டு வயசுல டிபி இருந்திருக்கு," என்றார். "மாத்திரை சாப்பிட்டு நல்லாயிட்டாரு. நல்லாயிட்டாருன்னா என்ன அர்த்தம்? கிருமியைச் சுத்தி உடம்பு ஒரு சுவர் கட்டிருச்சு. அது தழும்புச் சுவர். நாம அதைக் கரைச்சுட்டோம்."

"ஃபாரத்துல கேட்டிருந்தோமே டாக்டர். நோய் இருக்கான்னு."

"தற்போது நோய் இருக்கா, தற்போது ஆறாத காயம் இருக்கான்னு கேட்டோம். எல்லாரும் இல்லைன்னு உண்மையைத்தான் எழுதினாங்க. ஆறின காயத்தைப் பத்தி நான் கேக்கல. ஆறினது ஆறினதுதான்னு நெனச்சேன்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தழும்பு ஒரு தடவை போட்டு முடிச்ச தையல் இல்ல பொற்கொடி. பழைய கயிறு கரையும், உடம்பு புதுக்கயிறு போடும். சாகற வரைக்கும் அந்த வேலை நடந்துக்கிட்டே இருக்கும். இப்ப இவங்க உடம்புல பழசு கரையுது, புதுசு போடறது நின்னுபோச்சு."

"டெகோரின் நல்லதுன்னுதானே சொன்னீங்க?"

"நல்லதுதான். அது இல்லாம பிறந்த எலிக்குத் தோல் காகிதம் மாதிரி கிழியும். அளவா இருந்தா காவல். நாம அளவில்லாம கொடுத்துட்டோம்."

ஜன்னலுக்கு வெளியே, சிகிச்சைக்கு வந்தவர்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பொற்கொடி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"நிறுத்த முடியுமா?"

"முடியும். அதுக்கு மாத்திரை இருக்கு. தொண்ணூறு நாள் சாப்பிடணும். ஊசியோட வேலை கொஞ்சம் கொஞ்சமா அணைஞ்சிரும்." அவர் மேற்கொண்டு சொல்லத் தயங்கினார். "ஆனா தீக்காயத் தழும்பு திரும்பி வரும். முன்னைவிட வேகமா, முன்னைவிடத் தடிப்பா."

மருந்தைத் தயாரித்த நிறுவனத்தார், ஆய்வுக் குழு கூடும்வரை நோயாளிகளிடம் எதுவும் பேசவேண்டாம் என்று கடிதம் அனுப்பியிருந்தார்கள். அருமைராஜ் அதைப் படித்துக் காட்டிவிட்டு மடித்தார். "எனக்கு என்ன ஆனாலும் சரி. நீங்க போன் போட ஆரம்பிங்க."

அன்று மாலைக்குள் முப்பத்தொன்பது பேரிடம் பேசினாள். ஒவ்வொரு பெயரைப் பார்க்கும்போதும் அந்த உடம்பு அவள் கண்முன் வந்தது. யாருக்கு எங்கே பழைய தையல், யார் சிறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது, யாருக்கு மாரடைப்பு வந்து போனது என்று பன்னிரண்டு வருடத்தில் பேச்சோடு பேச்சாக அவளிடம் சொல்லப்பட்டவை. அப்போது அதெல்லாம் கதைகள். இப்போது ஒவ்வொன்றும் திறக்கக் காத்திருக்கும் ஓர் இடம்.

மாரிக்கனி மட்டும் போனை எடுக்கவேயில்லை. இரண்டு மாதமாகச் சிகிச்சைக்கும் வரவில்லை என்பது பொற்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு ஒரு மகள் உண்டு, எட்டு வயதுக் கனிஷ்கா. அந்தப் பிள்ளை அறுவை செய்து பிறந்தது.

மறுநாள் காலை, மையத்தின் மின்வேனை எடுத்துக்கொண்டு வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊருக்குப் போனாள். கதவைத் திறந்த மாரிக்கனி அவளைப் பார்த்ததும் ஒரு கணம் மறுபடி சாத்தப் பார்த்தாள். பிறகு விலகி வழிவிட்டாள். தளர்வான நைட்டி போட்டிருந்தாள். தளர்வாக இருந்தும் மறைக்கவில்லை.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு முடிஞ்சிருச்சுக்கா."

"ரெண்டு வருஷத்துக்குக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கினோமே மாரி."

"சொன்னா கலைக்கச் சொல்வீங்கன்னுதான் வரல." அவள் நிமிர்ந்த கழுத்தோடு, நேருக்கு நேர் பார்த்துப் பேசினாள். "இவரு ஆறு வருஷமா திருப்பூர்லயே கெடந்தாரு. பொங்கலுக்கு வந்தா வாசல்லயே கட்டிலைப் போட்டுக்கிடுவாரு. என் மூஞ்சி வந்த பொறகுதான் வீட்டுக்குள்ள வந்தாரு. எனக்கு அது தெரியாமலா இருக்கு? தெரியும். இருந்தாலும் வந்தாரே."

பொற்கொடி அவளை உட்கார வைத்து வெயிலுமுத்துவைப் பற்றிச் சொன்னாள். முழங்கால், நுரையீரல், தடுப்பூசித் தழும்பு எல்லாவற்றையும் சொன்னாள். மாரிக்கனி குறுக்கே பேசாமல் கேட்டாள். பாதியிலேயே அவள் கை தானாக அடிவயிற்றுக்குப் போயிற்று. அங்கே தோலுக்கு மேலே பழைய தழும்பு ஏற்கெனவே மறைந்திருந்தது. மறைந்ததற்காகச் சென்ற மாதம்வரை அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ளயும் ஒரு தையல் இருக்கும்லக்கா," என்றாள்.

"அதைப் பாக்கத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

ஸ்கேன் செய்த மகப்பேறு மருத்துவர் நெடுநேரம் ஒரே இடத்தில் கருவியை வைத்து அழுத்தாமல் நகர்த்தினார். திரையில் கருப்பையின் சுவர் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ஓரிடத்தில் அந்தக் கோடு மெலிந்து, நூலாகி, கொஞ்ச தூரம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போய், மறுபடி தொடங்கியது. அதற்கு அந்தப் பக்கம் குழந்தை காலை உதைத்தது. அறையிலிருந்த எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மாரிக்கனி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. அவர்கள் முகங்களைத்தான் பார்த்தாள்.

"இப்பவே எடுத்துட முடியாதா?" என்று கேட்டான் அவள் கணவன் தங்கப்பாண்டி.

"எடுக்கக் கிழிக்கணும்," என்றார் அருமைராஜ். "இப்ப இருக்கற நிலைமையில, கிழிச்சது ஒட்டாது. எந்த வழியில போனாலும் முதல்ல ஊசியை அணைக்கணும்."

மாரிக்கனி படுத்தபடியே கேட்டாள். "மாத்திரை போட்டா உள்ள இருக்கற தையல் எப்ப கெட்டியாகும்?"

"ஆறு வாரத்துல தெரிய ஆரம்பிக்கும்."

"கழுத்து எப்ப ஒட்டும்?"

அவர் தரையைப் பார்த்தார். "ரெண்டரை மாசம். மூணு."

"புள்ளைய எப்ப எடுப்பீங்க?"

"எட்டாவது மாசம்."

"அப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் வருது."

அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. முதுகில் போடும் மயக்க ஊசி சரியாக அமையாவிட்டால் தொண்டைக்குள் குழாய் விடவேண்டும். தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தால் குழாய் போகாது. கழுத்து திறந்திருந்தால் கருப்பை திறந்துகொள்ளும். கருப்பை மூடவேண்டுமென்றால் கழுத்தும் மூடும். இதை அவளிடம் சொல்லவேண்டாம் என்று தங்கப்பாண்டி கெஞ்சினான். ஆனால் அவள் கேட்டாள், அருமைராஜ் சொன்னார்.

மாரிக்கனி தண்ணீர் வாங்கி, முதல் மாத்திரையை அங்கேயே அண்ணாந்து விழுங்கினாள்.

அதன் பிறகு பத்து வாரங்கள் அவள் மையத்தின் ஓர் அறையில் அசையாமல் படுத்திருந்தாள். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வரும் பேச்சை யாரும் பேசக்கூடாது என்று ஏற்பாடு. கனிஷ்கா பார்க்க வந்தால் கட்டிலில் ஏற விடமாட்டார்கள். பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். வயிறு லேசாக இழுத்தால்கூட மாரிக்கனியின் விரல்கள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். இழுப்பு நின்ற பிறகும் விடாது.

பொற்கொடி தினமும் இரண்டு வேளை அவள் கழுத்தைப் பிடித்து இழுத்துவிட்டாள். மூன்றாவது வாரத்தில் தாடைக்குக் கீழே ஓர் இடம் கெட்டியாகத் தட்டுப்பட்டது. யாரிடமும் சொல்லாமல் கையை அதன்மேல் வைத்தபடி நின்றாள். தன் வாழ்க்கை முழுக்க அவள் தழும்போடு போராடியவள். இப்போது அதே உடம்பில், ஒரு முழ இடைவெளியில், ஓரிடத்தில் தழும்பு வரவேண்டும் என்றும் இன்னோரிடத்தில் வரக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சாக்கா?" என்றாள் மாரிக்கனி, கண்ணை மூடியபடி.

"கொஞ்சம்."

"கண்ணாடியை எடுத்துட்டுப் போயிருங்க."

ஏழாவது வாரத்தில் ஸ்கேனில் அந்தக் கோடு அறுபடாமல் தெரிந்தது. பத்தாவது வாரத்தில் மாரிக்கனியின் கீழுதடு மறுபடி மடங்கத் தொடங்கியது. தலையைத் தூக்கினால் தோல் வெடித்துவிடும்போல் வெளுத்து நின்றது. இதற்குமேல் காத்திருந்தால் தொண்டைக் குழாய்க்கு வழியே இருக்காது என்று மயக்க மருத்துவர் சொன்ன மறுநாள் காலை பத்து மணிக்கு அவளை அறுவை அறைக்குள் கொண்டுபோனார்கள். முதுகு ஊசி முதல் முயற்சியிலேயே அமைந்தது. பத்தே முக்காலுக்கு, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு பெண் குழந்தை.

குழந்தையின் அழுகை கேட்டு வெளியே வந்த அருமைராஜ் பெஞ்சில் உட்கார்ந்தார். சந்தோஷப்படவில்லை.

"இன்னும் என்ன டாக்டர்?"

"அம்மாவுக்குப் போட்டது குழந்தைக்குப் போயிருக்கா இல்லையான்னு தெரியாது. பிறந்த பிள்ளைக்கு உடம்பு போடற முதல் தழும்பு தொப்புள். அது மூடுதான்னு பாப்போம்."

ஒன்பதாம் நாள் கொடி உதிர்ந்தது. அதற்குக் கீழே ஈரம். பன்னிரண்டாம் நாளும் ஈரம். பதினாலாம் நாள் துணியில் ஒரு பொட்டு ரத்தம். மாரிக்கனிக்குத் தன் பிள்ளையின் வயிற்றைக் குனிந்து பார்க்க மட்டும் இப்போது சிரமமில்லை, குனிந்தபடிதான் இருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினேழாம் நாள் காலையில் பொற்கொடி பஞ்சை வைத்து எடுத்தபோது பஞ்சு உலர்ந்திருந்தது. தொப்புள் உள்ளே இழுத்து, சுருங்கி, முடிச்சுப் போட்டதுபோல் மூடியிருந்தது. பொற்கொடி வராந்தாவுக்குப் போய், தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குள் நாற்பத்தியோரு பேரில் மூன்று பேர் இறந்திருந்தார்கள். மாத்திரைக்குச் சம்மதித்தவர்கள் பதினோரு பேர். இருபத்தேழு பேர் வேண்டாம் என்றார்கள். ஆய்வுக் குழு கூடிப் பிரிந்திருந்தது. அருமைராஜ் வேலையிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். மாத்திரை கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று உத்தரவு. கேட்டுத்தான் யாரும் வரவில்லை.

"பயமில்லையா அவங்களுக்கு?" என்று பொற்கொடி ஒரு நாள் புலம்பினாள்.

மாரிக்கனி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தாடை நெஞ்சில் பதிந்திருந்தது. தங்கப்பாண்டி முந்தின வாரம்தான் திருப்பூருக்குக் கிளம்பிப் போயிருந்தான். வேலைக்குப் போகவேண்டுமே என்று அவளே பொற்கொடியிடம் சொல்லியிருந்தாள்.

"பயம் இருக்கும்க்கா. ஆனா எந்தப் பயம் பெருசுன்னு அவங்கவுங்களுக்குத்தான தெரியும்." உதடு மடங்கியிருந்ததால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன. "நான் வந்து சொல்லட்டா? நான் சொன்னா கேப்பாங்க. நான் போட்டுப் பொழச்சவதானே."

பொற்கொடிக்கும் அது நல்ல யோசனையாகத் தோன்றியது.

முதலில் பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குப் போனார்கள். மாரிக்கனியோடு ஒரே கூடத்தில் வேலை பார்த்து, ஒரே விபத்தில் எரிந்தவள். முகம் சரியான பிறகு ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். கடைக்குக் கிளம்பும் நேரம். பூ வைத்து, பொட்டு வைத்து, கையில் சாப்பாட்டுப் பையோடு கதவைத் திறந்தாள். திறந்தவள் மாரிக்கனியைப் பார்த்தாள்.

அவள் கண் மாரிக்கனியின் கழுத்தில் நின்றது. பை கையிலிருந்து நழுவியது. ஒரு கையால் தன் கழுத்தைப் பொத்திக்கொண்டே மறு கையால் கதவை மெதுவாகச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"மதினி, கதவைத் தெறங்க. உங்க நெஞ்சுல ஆபரேசன் பண்ணுன தழும்பு இருக்கு. அது தெறந்துச்சுன்னா..." என்று மாரிக்கனி கதவோடு பேசினாள்.

"தெறக்கட்டும்," என்றது உள்ளிருந்து குரல். "நான் இப்படியே போயிக்கிடுதேன். நீ போ மாரி. தயவுசெஞ்சு இங்க நிக்காத."

அடுத்த வீட்டில் இருந்தவர் மாத்திரை டப்பாவைக் கையில் வாங்கிவிட்டுத்தான் மாரிக்கனியைக் கவனித்தார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேனுக்குத் திரும்பி மாரிக்கனி உட்கார்ந்தாள். குழந்தை மடியில் தூங்கியது. பொற்கொடி வண்டியைக் கிளப்பப் போனபோது, "இருங்கக்கா," என்றாள். "கோயம்புத்தூர்ல இருக்காளே ராஜாமணி, அவ நம்பர் இருக்கா? போன்ல பேசுதேன். படம் வேண்டாம், வெறும் பேச்சு."

ராஜாமணிக்கு இருபத்தெட்டு வயது. அவளுக்கும் சிறு வயதில் டிபி வந்து ஆறியிருந்தது. சென்ற வாரம் இருமல் என்று சொல்லியிருந்தாள். ஆனால் மாத்திரை வேண்டாம் என்றாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

பொற்கொடி எண்ணைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, போனை மாரிக்கனியின் வாயருகே பிடித்தாள். மாரிக்கனி சொற்களைத் தெளிவாக உச்சரிக்க, கீழுதட்டை விரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ராஜாமணி, நான் மாரி பேசுதேன். நல்லாருக்கேன். பொண்ணு பொறந்திருக்கு. ஆமா... ஆமா, மாத்திரை தொண்ணூறு நாளும் போட்டு முடிச்சேன்."

மறுமுனையில் தயக்கம். "அக்கா, கழுத்து?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகல. கொஞ்சம் இறுக்கமா இருக்கு, அம்புட்டுத்தான். எண்ணெய் தேச்சா போயிரும். இவுக என்னைய ரொம்பப் பயங்காட்டிட்டாக. நீ பயப்படாத."

பொற்கொடியின் மடியில் ஒப்புதல் படிவம் இருந்தது. 'விளைவுகள் அனைத்தும் நோயாளிக்கு எடுத்துச் சொல்லப்பட்டன' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். பேச்சைத் தடுக்கவேண்டும் என்று பொற்கொடி நினைத்தாள். போனுக்குள் ராஜாமணி இருமினாள். இருமல் நிற்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"பொற்கொடி மேடம் அங்க இருக்காங்களாக்கா? அவங்கட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

மாரிக்கனி உதட்டிலிருந்து விரலை எடுத்தாள். தலையை நிமிர்த்த முடியாததால் கண்களை மட்டும் மேலே உயர்த்தி, புருவங்களுக்கடியிலிருந்து பொற்கொடியைப் பார்த்தாள்.

"மேடம்," என்றது குரல். "மாரியக்கா சொல்றது நெசமா?"

தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் வேன் கண்ணாடி வழியே உள்ளே பார்த்துவிட்டு, சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டு ஓடினான்.

"ஆமா ராஜாமணி," என்றாள் பொற்கொடி. "நெசந்தான்."